கேட்பாரற்றோரைக் காக்கும் இல்லங்கள்

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்குச் செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையில் அமைந்த பெருநகர் என்னும் ஊரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும், பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட, 1962-ஆம் ஆண்டில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்த அரசாங்க உதவித்தொகையை நம்பித் தனியே அடுப்பு மூட்டும் மூதாட்டிகளைக் காண்பது அரிதன்று. கையும் காலும் ஓடியாடும் மட்டும் அவர்கள் ஜீவனம் ஏதோ ஒருவாறு நடந்துவிடுகிறது. படுக்கையில் விழுந்த மறுநாள், யார் தூக்கி உட்கார வைப்பது, யார் துணி மாற்றுவது என்ற கேள்வி எழும்போதுதான், முதியோர் இல்லம் என்ற ஸ்தாபனம் கிராமத்தின் வாயிற்படிக்கும் வந்து நிற்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டபோது, ஏழை முதியோர் 150 பேரேனும் தங்கக்கூடிய இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும் என்ற நல்லெண்ணத்தை அதில் எழுதிவைத்தார்கள். ஆனால் அதைக் கட்டாயமாக்காமல் மாநில அரசுகளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். அந்த வெற்றிடத்தில்தான் தனியார் தர்ம ஸ்தாபனங்கள் வளர்ந்தன.

அத்தகைய ஸ்தாபனங்களின் குணத்தையும் குறையையும் சீர்தூக்கிப் பார்க்க விரும்புவோருக்கு, பெருநகர் அடங்கிய இதே உத்திரமேரூர் வட்டத்தில் உள்ள பாலேஸ்வரத்தின் கதையைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். 2011-ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கிவந்த செயின்ட் ஜோசப் கருணை இல்லம், தெருவோரத்திலும் பேருந்து நிலையங்களிலும் விழுந்து கிடந்தவர்களையும், உறவினர் எவரும் தேடி வராத நோயாளிகளையும் ஏற்றுக்கொண்டு வந்தது. 2018 பிப்ரவரியில், காய்கறி மூட்டைகளும் ஒரு பிணமும் இருந்த அந்த இல்லத்து வண்டியிலேயே உயிருள்ள முதியோரும் ஏற்றிச் செல்லப்பட, அவர்களுள் ஒரு மூதாட்டி போட்ட கூக்குரலைக் கேட்டு ஜனங்கள் வண்டியை மறித்தார்கள். அதன்பின் அதிகாரிகள் சோதனையிட்டதும், இறந்தோரை வைப்பதற்காகச் சுவரில் அறை அறையாகக் கட்டப்பட்டிருந்த கான்கிரீட் கல்லறைகள் பத்திரிகைகளில் படமாக வெளிவந்ததும், நூற்றுக்கணக்கான முதியோர் சில தினங்களுக்குள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டதும், நிர்வாகத்தார் குற்றச்சாட்டுகளை மறுத்ததும் எல்லோரும் அறிந்த செய்திகள். அக்காலத்தில் உலவிய வதந்திகளை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, எவரும் மறுக்காத விஷயங்களை மாத்திரம் கொண்டு பார்த்தாலே நமது ஆராய்ச்சிக்குப் போதுமானது.

முதலில் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் குறை கூறுவது நியாயமாகாது. புண்ணில் புழு வைத்து, மலஜலத்தில் கிடக்கும் ஒரு கிழவனைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகிறவர்கள் நம்மில் அநேகர். அவனைத் தூக்கி வண்டியில் ஏற்றி, உடம்பைக் கழுவி, வெள்ளைத் துணி விரித்த கட்டிலில் கிடத்த முன்வருகிற எந்த ஸ்தாபனமும், அதன் மற்ற லட்சணங்கள் எவ்வாறிருப்பினும், சமூகம் கைவிட்ட ஒரு கடமையைச் செய்கிறது. கட்டணமில்லை, சிபாரிசு வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம் என்று திறந்த கதவு அரசாங்கத்தின் கையில் இருந்ததா என்று கேட்டால், தலைகுனியத்தான் வேண்டியிருக்கிறது.

ஆனால் குறையும் அந்தக் குணத்தின் வயிற்றிலேயே பிறக்கிறது என்பதே என் திடமான அபிப்பிராயம். கேட்பாரற்றவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் இல்லத்தில், இயற்கையாகவே, கேள்வி கேட்பவர் எவரும் வாயிலில் வந்து நிற்பதில்லை. மகனோ மருமகளோ ஞாயிற்றுக்கிழமை வந்து, "ஏம்மா இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்று கேட்கும் ஒரு வாக்கியம் செய்யும் காவலை எந்த உரிமப் பத்திரமும் செய்துவிட முடியாது. அந்தக் கேள்வி இல்லாத இடத்தில், நல்லவர்களும் நாளடைவில் அசட்டையாகிவிடுகிறார்கள். உயிரும் பிணமும் காய்கறியும் ஒரே வண்டியில் ஏறுவதற்குக் குரூர சித்தம் வேண்டியதில்லை. ஒரு நடை மிச்சமாகிறது என்ற சிக்கனக் கணக்கும், இதை யார் கேட்கப்போகிறார்கள் என்ற நிச்சயமும் போதும். அந்த மூதாட்டி கூவியது எதற்காக என்று பார்த்தால், அவளுடைய சம்மதம் என்ற ஒன்றை யாராவது மனப்பூர்வமாகக் கேட்டிருந்தார்களா என்ற வினாவுக்கே வந்து சேருகிறோம். ஒருவரைக் காப்பாற்றுவதற்காகவேனும் அவருடைய "மாட்டேன்" என்ற சொல்லை அழித்துவிடும் உரிமை கருணைக்கு உண்டென்று நான் ஒப்பமாட்டேன்.

சம்மதத்தோடு திறமையும் வேண்டும்: மரணத் தறுவாயில் உள்ளவர்களுக்கென்றே ஓர் இல்லம் நடத்துவது சிறப்புப் பயிற்சி வேண்டும் காரியம். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், தாதியாகவும் சமூக சேவகியாகவும் இருந்து பின்னர் வைத்தியமும் கற்றவர். வலியை அளந்து, வலி தலைகாட்டுவதற்கு முன்பே மார்பினை வேளை தவறாமல் கொடுப்பதுதான் அவர் காட்டிய மார்க்கத்தின் உயிர்நிலை. நம் நாட்டில் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்பின் கிடைப்பதே துர்லபமாக இருந்து, 2014-இல் செய்த திருத்தத்துக்குப் பின்னரே வழி சற்றுத் திறந்தது. வலியைத் தணிக்கும் வைத்தியம் இல்லாத இடத்தில், சுவரில் எழுதிய கருணை நோயாளியின் எலும்புவரை எட்டுவதில்லை.

பராமரிப்பின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்று கூறுகளாக்கிப் பார்க்கும் முறையை அவேடிஸ் டொனபீடியன் என்ற அறிஞர் 1966-இல் வகுத்தார். நமது சோதனைகள் பெரும்பாலும் முதற்கூற்றோடு நின்றுவிடுகின்றன: கட்டில் எத்தனை, கழிப்பறை எத்தனை, தீயணைப்புக் கருவி உண்டா என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் பார்த்த ஓர் இல்லத்தில் கட்டடத்துக்கு ஒரு குறையும் சொல்ல இயலாது. பளிங்குத் தரை, காற்றாடி, தலைமாட்டில் அலமாரி. ஆனால் மாலை ஐந்தரைக்கே இராச்சாப்பாட்டை முடித்து, அதற்குமேல் தண்ணீர் கேட்டால், "ராத்திரி நனைச்சுட்டா யார் மாத்துறது, ஆயா?" என்று செம்பை எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போனாள் பணிப்பெண். அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் கூடம் முழுவதற்கும் இரவில் அவள் ஒருத்திதான். புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால்தான் குதிகாலிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வராது. அதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். நன்கொடையாளர்களோ தம் பெயர் பொறித்த கட்டிலைத் தருவார்களேயன்றி, பெயர் பொறிக்க இடமில்லாத இராக்காவல் தாதியின் சம்பளத்தைத் தர முன்வருவதில்லை. செம்பு எட்டுகிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, கண்ணாடி அவரவர் கண்ணாடிதானா, குதிகால் சிவந்திருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். தரம் என்பது அங்கேதான் இருக்கிறது.

வேறு விதமாகவும் நடத்த முடியும் என்பதற்குச் சென்னையில் சாவித்திரி வைத்தி அம்மையார் 1978-இல் தொடங்கிய விஸ்ராந்தி சாட்சி. அநாதரவான முதிய பெண்களுக்கென்று ஏற்பட்ட அந்த இல்லம், வெளியிலிருந்து வந்துபோகும் இல்லத்தரசிகளின் தொண்டில் வளர்ந்தது. அங்கே காலமானவர்களுக்கு அம்மையாரே முன்னின்று இறுதிக் கடன் செய்ததை நகரம் அறியும். ஒவ்வொரு சாவுக்கும் பெயர் சொல்லி அழ ஒருவர் இருந்தார் என்பதே அதன் பெருமை.

பாலேஸ்வர விவகாரத்தில் அரசாங்கமும் குற்றத்திலிருந்து தப்ப முடியாது. கண்ணெதிரே ஆண்டுக்கணக்கில் இயங்கிய இல்லத்தை ஒரு கூக்குரல் கேட்ட பிறகே விழித்துப் பார்த்ததும், பழகிய கட்டிலிலிருந்து நோயாளிகளைச் சில தினங்களில் பெயர்த்தெடுத்துப் பல திசைக்கு அனுப்பியதும் நிர்வாகத் திறமைக்கு அழகல்ல. பராமரிப்பு இல்லங்களுக்குப் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் விதிக்க முனைந்து 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா சட்டமாகவே இல்லை.

பொறுப்பில் இருப்பவரிடம் கணக்குக் கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று: இதே உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஊர் வாரியத்தில் உறுப்பினனாக இருந்து கணக்குக் காட்டாதவனையும் அவனுடைய நெருங்கிய உறவினரையும் மீண்டும் குடவோலைத் தேர்வுக்கு அருகதையற்றவராக்கின. இல்லத்தின் கணக்கு என்பது ரூபாய்க் கணக்கு மாத்திரமன்று. யார் எந்நாளில் சேர்ந்தார், யார் சம்மதத்தால் சேர்ந்தார், என்ன நோய், எந்நாளில் எதனால் இறந்தார், உடல் எங்கே அடக்கமாயிற்று என்ற கணக்கு. அதை ஊராட்சியும், ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரும், உறவினரின் ஸ்தானத்தில் நின்று பேசக்கூடிய உள்ளூர்ப் பெரியவர் இருவரும் மாதந்தோறும் பார்க்கட்டும். 2021 முதல் வீடு தேடி வந்து நோவு தணிக்கும் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் அளிக்கும் மக்களைத் தேடி மருத்துவத்தின் ஊழியர்கள், அதே பையோடு இந்த இல்லங்களின் கட்டில்களுக்கும் போகட்டும். அந்த வருகைகளுள் சிலவேனும் முன்னறிவிப்பில்லாமல், இரவு பத்து மணிக்குமேல், பணிப்பெண் ஒருத்தி மட்டும் விழித்திருக்கும் வேளையில் நடக்க வேண்டும்.