உப்பு விற்றதா? – இலவசப் பிரதிகளும் ஒரு கடற்கரை வகுப்பறையும்

காரங்காட்டில் நண்பர் ஒருவர் மாலை வகுப்பு நடத்துகிறார். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கடல் பக்கம் இறங்கினால் கழியும் அலையாத்திக் காடுமாக ஊர் விரியும். விடுமுறை நாட்களில் வனத்துறைப் படகில் காடு பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்துபோகிறார்கள். வகுப்புக்கு வருகிறவர்கள் மேல்நிலைப் பிள்ளைகள். பெரும்பாலும் நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளைகள். நண்பர் என்னிடம் கேட்டது ரொம்பச் சாதாரணமான உதவி. 'நெய்தல் நடத்தணும். புத்தகம் வாங்கக் காசு கிடையாது. நெட்டுல சும்மா கெடைக்கிறது எதெதுன்னு பாத்துக் குடுங்க. நீங்கதான் தமிழ் எம்.ஏ. ஆச்சே.'

'சும்மா கிடைப்பது' என்ற இந்தச் சொல்லாடலைச் சற்று நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். சும்மா கிடைப்பது எது, அதைச் சும்மா கிடைக்கச் செய்தவர்கள் யார், எது கிடைக்காமல் போகிறது? இக்கேள்விகளை வகுப்பறையில் நின்றுதான் கேட்க முடியும்.

முதலில் நன்றியோடு தொடங்குவதே முறை. நான் எம்.ஏ. படித்த நாட்களில் சங்க நூல் ஒன்றை உரையோடு பார்க்க வேண்டுமானால் நூலகரின் முகக்குறிப்பை அனுசரிக்க வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியில் எட்டுத்தொகை முழுவதும் கிடைக்கிறது. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதில் முன்னோடி. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியில், பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து, பழம் பிரதிகளைப் பொதுவில் வைத்தார்கள். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிப் பின்னர் பெயர் மாறிய தமிழ் இணையக் கல்விக்கழகம் மூலங்களோடு உரைகளையும் அகராதிகளையும் தருகிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் விக்கிமூலத்துக்கு வந்துள்ளன. 2018 முதல் வந்த பாடநூல்களில் கட்டம்போட்ட குறியீடு ஒன்று இருக்கிறது. கைப்பேசியை அதன்மேல் காட்டினால் காணொளிப் பாடம் ஓடும்.

ஆக, பொருளுக்குப் பஞ்சமில்லை. அகநானூற்றில் பத்து, இருபது, முப்பது என்று பத்தின் மடங்கில் வருகிற பாடல்கள் எல்லாம் நெய்தல் என்பதால் தேடுவதும் சுலபம். ஐங்குறுநூற்றில் அம்மூவனாரின் நூறு பாடல்கள் தனியே உண்டு. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அகநானூற்றின் 140ஆம் பாடலைத் தேர்ந்துகொண்டு பேருந்து ஏறினேன்.

அம்மூவனாரின் அந்தப் பாடல் எம்.ஏ. வகுப்பில் எனக்குப் பாடமாக இருந்ததுதான். சிறுகுடியில் வாழும் பரதவர் கழி நிலத்தில் உழாமலே விளைவிக்கும் உப்பை உமணர் வாங்கி வெயில் காயும் மலைவழி கடந்து விற்கப் போகிறார்கள். உமணர் மகள் ஒருத்தி சேரிக்குள் கைவீசி நடந்து, நெல்லுக்கு ஈடாக உப்பு என்று விலை கூவுகிறாள். புதுக்குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்க அவள் வெருள்கிறாள். அந்தக் கண் தலைவனைத் தாக்குகிறது. சேற்றில் புதைந்த அவள் தந்தையின் வண்டியை இழுக்கும் எருதுபோலத் தன் மூச்சு வாங்குகிறது என்று தோழனிடம் சொல்கிறான். எங்கள் பேராசிரியர் உவமையில் நின்றார். உரைகளும் தலைவனின் நோயைச் சுற்றியே வந்தன. தேர்விலும் அதுவே வந்தது. நானும் அதையே எழுதி மதிப்பெண் வாங்கினேன்.

காரங்காட்டில் பாடலைச் சொல்லி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: 'சார், அந்தப் புள்ள உப்பு வித்துச்சா இல்லையா?'

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை ஆண்டு வாசிப்பில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. பிரதியை மறுபடி பார்த்தேன். விற்றதாகவும் இல்லை, விற்காததாகவும் இல்லை. அவள் கூவினாள், நாய் குரைத்தது, ஆண் ஒருவன் பார்த்தான். பார்வை வந்த இடத்தில் வியாபாரம் பிரதியை விட்டு வெளியேறிவிடுகிறது. அவளுக்கு அன்றைக்கு நெல் கிடைத்ததா என்பது கவிதைக்குத் தேவைப்படவில்லை, உரைகாரர்களுக்கும் தேவைப்படவில்லை. வீட்டு வாசலில் மீன்கூடையோடு நின்று குரல் கொடுக்கும் அம்மாவைப் பெற்ற பெண்ணுக்குத் தேவைப்படுகிறது.

அடுத்து ஒரு பையன்: 'எடுக்கிறது நம்ம ஆளுக, விக்கிறது வேற ஆளுகளா?' பரதவர் விளைவிக்க உமணர் கொண்டுபோகிறார்கள் என்பதை அவன் ஒரே கேட்பில் பிடித்துவிட்டான். ஏலக்கூடத்தில் வியாபாரி வைப்பதுதான் விலை என்று தெரிந்தவனுக்கு இதற்குக் கோட்பாட்டு உதவி வேண்டியதில்லை.

பாடநூலின் கருப்பொருள் அட்டவணையைத் திறந்தோம். காணொளிப் பாடமும் இந்த அட்டவணையைத்தான் இசை சேர்த்து ஒப்பிக்கிறது. நெய்தல்: தெய்வம் வருணன், பறை மீன்கோட்பறை, யாழ் விளரி. இரண்டு மதிப்பெண் வினா. நாங்கள் உணவு என்ற வரிசையை மட்டும் குறுக்கே படித்தோம். குறிஞ்சிக்கு மலைநெல், தினை. முல்லைக்கு வரகு, சாமை. மருதத்துக்குச் செந்நெல். நெய்தலுக்கு? மீனுக்கும் உப்புக்கும் பெற்ற பொருள். மற்ற மூன்று திணைக்கும் தானியத்தின் பெயர் இருக்க, நெய்தலுக்கு மட்டும் உணவு என்பதே விற்றுப் பெற்றதாக இருக்கிறது. பாலைக்கோ சூறைகொண்டது. அதாவது விலை படியாவிட்டால் நெய்தலில் உலை இல்லை. இத்தனை காலமும் மனப்பாடத்துக்காக மட்டுமே புழங்கிய ஓர் அட்டவணைக்குள் பொருளாதாரம் ஒன்று உறங்கிக்கிடந்திருக்கிறது. உரிப்பொருள் 'இரங்கல்' என்பதை அதன்பிறகு அந்தப் பிள்ளைகள் வேறு விதமாகத்தான் உச்சரித்தார்கள்.

இதை ஏதோ 'எளிய மக்களின் ஞானம்' என்று நான் கொண்டாட வரவில்லை. அப்படிக் கொண்டாடுவது நம் சிறுபத்திரிகைகளில் மலிந்துபோன ஒரு சோம்பேறித்தனம். திணையை உற்பத்தி உறவுகளோடு வைத்து வாசிக்கும் மரபு நம்மிடம் இருக்கிறது. கா. சிவத்தம்பி 1974லேயே திணைக் கோட்பாட்டைப் பண்டைய சமூக, பொருளாதார வளர்ச்சியின் சமனற்ற தன்மையோடு இணைத்து எழுதினார். அந்த வாசிப்பு ஏன் எந்த இலவசப் பாடத்துக்குள்ளும் நுழையவில்லை என்பதே என் கேள்வி. மூலம் இலவசம்; பழைய உரை இலவசம்; அந்த உரையைக் கேள்விக்குட்படுத்திய நூற்றாண்டு மட்டும் வாசலில் நிற்கிறது.

இதற்கு ஒரு காரணம் சட்டம். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால்தான் நூல் பொதுவாகும்; இல்லையேல் அரசு பணம் கொடுத்து நாட்டுடைமையாக்க வேண்டும். எனவே இலவசக் களஞ்சியத்தில் நெய்தலுக்கு வயது இரண்டாயிரம். 'கடல்புரத்தில்', 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', 'ஆழி சூழ் உலகு' இவையெல்லாம் அங்கே இருக்க முடியாது. இருக்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். திருட்டுப் பி.டி.எஃப். கேட்டு எழுத்தாளனுக்கே செய்தி அனுப்பும் நம் ஆட்களின் புரட்சி எனக்கு உவப்பானதல்ல. ஆனால் சட்டம் ஆசிரியருக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது; அதை நாம் பயன்படுத்துவதில்லை. கற்பித்தலின் பொருட்டு நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்காகவே வைத்துள்ளது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகல்கடை ஒன்றின்மீது பன்னாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் 2016இல் டெல்லி உயர்நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. நாவலின் ஓர் அத்தியாயத்தை நகலெடுத்து வகுப்பில் வாசிக்க யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். முழு நூலையும் வலையேற்றுவது வேறு சங்கதி. இந்த வித்தியாசம் தெரிந்தாலே பாதி வேலை நடக்கும்.

இரண்டாவது காரணம் சட்டத்தைவிட ஆழமானது. நம் பக்கத்து எண்ணிமக் களஞ்சியங்கள் எதைச் சேமிக்க வேண்டும் என்ற முடிவைப் புதிதாக எடுக்கவில்லை. அச்சு யுகம் எடுத்து வைத்த முடிவையே பெரும்பாலும் தொடர்கின்றன. இலக்கியம் எது, ஆவணம் எது, குப்பை எது என்று பண்டிதர்களும் பல்கலைக்கழகங்களும் வகுத்த வரிசை அப்படியே கணினிக்குள் ஏறியிருக்கிறது. தட்டெழுதிய தன்னார்வலர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. வரிசையைச் சொல்கிறேன்.

எதிர்க்கரையைப் பாருங்கள். காரங்காட்டுக் கடலின் மறுபக்கம்தான் யாழ்ப்பாணம். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தை இந்த நினைவைத் தவிர்த்து வாசிக்க இயலாது. அங்கே எது பெரிய நூல் என்ற விசாரணை முதலில் இல்லை. நாளிதழ், துண்டுப் பிரசுரம், பாடசாலை மலர், கோயில் மலர், செத்தவருக்கு உறவினர் அச்சிட்ட நினைவு மலர் எல்லாம் வருடப்படுகின்றன. ஒருமுறை எரிந்ததைப் பார்த்தவர்களுக்குக் குப்பை என்று எதுவும் இல்லை. மதிப்பைக் கொண்டு தேர்வது ஒரு முறை. இழப்பைக் கொண்டு தேர்வது இன்னொரு முறை. இரண்டும் இலவசமே. இரண்டின் அரசியலும் ஒன்றல்ல.

அடுத்த வகுப்புக்கு யாழ்ப்பாணத்துப் பழைய நாளிதழ்ப் பக்கங்கள் சிலவற்றை அங்கிருந்து எடுத்துப் போனேன். இந்திய இழுவைப்படகுகள் வடபகுதி மீனவர்களின் வலைகளை அறுத்துச் சென்றது பற்றிய செய்திகள். தயக்கத்தோடுதான் கொடுத்தேன். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன உறவினர் இல்லாத வீடு இக்கரையில் குறைவு. இந்தச் செய்தி அவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்துமோ என்ற பயம். வாசித்துவிட்டு ஒருவன் சொன்னான்: 'எங்க வலையவும் இதே போட்டுதான் சார் அறுக்குது.' நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் உள்ள பகை எந்தத் தேசத்துக் கொடியையும் கேட்பதில்லை. தமிழ்த்தேசியமும் இந்தியத்தேசியமும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டிருக்கும் ஒரு கடலைப் பற்றி, இலவசமாகக் கிடைத்த ஒரு பழைய செய்தித்தாள் வேறொன்றைப் பேச வைத்தது.

பாவ்லோ ஃப்ரெய்ரெ கல்வியை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டார்: ஆசிரியர் போடுகிறார், மாணவர் வாங்கி வைத்துக்கொள்கிறார். இலவச இணையப் பாடங்கள் இந்த வங்கியின் வாசலை அகலமாகத் திறந்திருக்கின்றன. பணம் போகும் திசை மாறவில்லை. காரங்காட்டுப் பிள்ளைகள் களஞ்சியத்திலிருந்து எடுக்கலாம். எதையாவது அதில் போட முடியுமா? சுற்றுலாப் பலகையில் அலையாத்திக்கு அறிவியல் பெயர் இருக்கிறது. கழியின் ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு பருவக் காற்றுக்கும், நீரோட்டத்துக்கும் அவர்களின் தாத்தாக்கள் வைத்திருக்கிற பெயர் எந்த மின்னகராதியில் இருக்கிறது?

நண்பரும் நானும் இப்போது ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. வீட்டில் புழங்கும் கடல் சொல் ஒவ்வொன்றையும், யார் சொன்னது, எந்த வேலையின்போது சொன்னது என்று எழுதி வரவேண்டும். சொன்னவரின் சம்மதம் கேட்டபிறகே வெளியே வைப்பது; சிலர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவது. வலை விழுந்த இடத்தைச் சொல்வது சிலருக்குத் தொழில் ரகசியம்; பொது என்ற பேரில் அதைப் பிடுங்குவதும் கொள்ளைதான். இலவசம் பேசுகிற நாம் இதை எளிதாக மறந்துவிடுகிறோம். விக்சனரியிலும் விக்கிமூலத்திலும் எவரும் எழுதலாம் என்ற கதவு திறந்தே இருக்கிறது. அதை நுகர்வோரின் கதவாகவே நாம் பிள்ளைகளுக்குக் காட்டிவந்திருக்கிறோம்.

இப்பத்திரிகையை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். இலவசமாகக் கிடைக்கும் பாடத்தை எடுங்கள், தாராளமாக எடுங்கள். அதோடு வருகிற உரையைக் கடைசியில் திறங்கள். பிள்ளைகள் முதல் கேள்வியைக் கேட்டு முடிக்கட்டும். சில சமயம் அது அசட்டுக் கேள்வியாகவே இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சென்ற வாரம் அவளே நோட்டில் எழுதிக் கொண்டுவந்தாள். நாய் குரைத்த வீட்டில் ஆள் இருந்திருக்கும், ஆள் இருந்தால் உப்பு வாங்கியிருப்பார்கள், ஆனால் நெல்லுக்குச் சமமாக அளந்திருக்க மாட்டார்கள் என்று.