கையேட்டின் தலையில் விழும் வேலை

மென்பொருள் எழுதக் கற்கும் மாணவர்க்குத் தேவை ஆவணம் ஒரு பாடமாகவும் பயனர் கையேடு வேறொரு பாடமாகவும் கற்பிக்கப்படுகின்றன. கருவி என்ன செய்ய வேண்டும் என்று வரையறுப்பது முன்னது. அதை எவ்வாறு இயக்குவது என்று விளக்குவது பின்னது. தேவை ஆவணத்தை வேலை தொடங்குமுன் ஒருவர் எழுதுவார். கையேட்டையோ, எல்லாம் முடிந்தபின் அவசர அவசரமாக இன்னொருவர் எழுதுவார். நம் கையேடுகள் பலவற்றின் குறை இந்தப் பிரிவினையில்தான் தொடங்குகிறது.

எல்லோரும் அறிந்த கருவி ஒன்றைக் கொண்டே இதைப் பார்ப்போம். திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. தேர்தல் வந்தால் ஆட்சியரே மாவட்டத் தேர்தல் அலுவலர். வாக்குச்சாவடிப் பணிக்குச் செல்வோரில் பள்ளி ஆசிரியர்கள் பலர். இவர்கள் இயக்கும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் நிரல் ஒரே முறை பதிக்கப்படுவது. பின்னர் திருத்த இயலாதது. ஆகவே கருவி செய்யாமல் விட்ட வேலை எதுவோ, அது கையேட்டின் தலையில்தான் விழும்.

வாக்குப்பதிவு நாள் காலையில், முகவர்கள் முன்னிலையில், குறைந்தது 50 வாக்குகளை மாதிரியாகப் பதிந்து பார்க்க வேண்டும். பிறகு 'குளோஸ்', 'ரிசல்ட்', 'கிளியர்' என்ற பொத்தான்களை இதே வரிசையில் அழுத்தி அவற்றை அழிக்க வேண்டும். வரிசை மாறினால் கருவி ஏற்பதில்லை. இது நன்கு சிந்தித்து எழுதிய தேவை. ஆனால் மூன்றையும் அடியோடு மறந்து வாக்குப்பதிவைத் தொடங்கினால் கருவி தடுப்பதில்லை! 2019 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழகத்தின் சில வாக்குச்சாவடிகளில் மாதிரி வாக்குகள் அழிக்கப்படாமலே போயின.

'மாதிரி', 'உண்மை' என இரு நிலைகளைக் கருவியிலேயே அமைத்திருக்கலாமே என்று மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். ஆனால் தான் சோதிக்கப்படுவது கருவிக்கே தெரிந்துவிட்டால் அச்சோதனைக்கு மதிப்பேது? (ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் அமைதியாயிருக்கும் வகுப்பை நாம் அறிவோம்.) எனவே அழிக்கும் பொறுப்பை மனிதரிடம் விட்டதில் நியாயம் உண்டு.

கையேடுகளில் வரும் 'மறவாதீர்' எல்லாம் இத்தகையவை அல்ல. 'தேதியை இப்படித்தான் எழுத வேண்டும், மறவாதீர்' என்று அச்சிடுவது, நிரல் எளிதில் சரிபார்த்திருக்கக்கூடிய ஒன்றைப் பயனர்மேல் சுமத்துவதாகும். அங்கே திருத்த வேண்டியது கையேட்டை அன்று, தேவை ஆவணத்தை. இரண்டையும் ஒருவரே எழுதப் பழகினால் இந்த வேறுபாடு தானே புலப்படும்.

மனிதரிடம் விட்டே ஆகவேண்டிய செயலுக்கோ காரணத்தையும் சொல்ல வேண்டும். நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்றாகத் தொல்காப்பிய மரபியல் குன்றக் கூறலை வைத்தது. 'கிளியரை அழுத்துக' என்று மட்டும் எழுதி நிறுத்துவது குன்றக் கூறலே. அழுத்தாவிட்டால் 50 மாதிரி வாக்குகளும் உண்மை வாக்குகளோடு கலந்துவிடும், பின்னர் கருவியால் பிரித்தறிய முடியாது என்று இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும். அதைப் படித்த ஆசிரியர், முதல் வாக்காளரை உள்ளே அழைக்குமுன் 'டோட்டல்' பொத்தானை அழுத்தி, திரையில் சுழியம் தெரிகிறதா என்று தாமே பார்ப்பார்.