கிதாரில் இறங்கும் வெயில்

ஜப்பானியப் பாடகர் தத்சுரோ யமாஷிதாவின் 'ஸ்பார்க்கிள்' பாட்டை எப்போது போட்டாலும் அதன் தொடக்கத்திலேயே மனம் தங்கிவிடுகிறது. துணைக்கு வேறு வாத்தியம் இல்லை, கிதார் மட்டும். வலக்கை ஓயாமல் மேலும் கீழும் வீச, இடக்கை விரல்கள் தந்தியை அமுக்கியும் தளர்த்தியும் அதிர்வைத் துண்டு துண்டாக நறுக்குகின்றன. 'கட்டிங்' என்பார்கள் இந்த வாசிப்பை. ஒலிக்கும் சுரங்களுக்கு நடுவே, ஒலிக்கவிடாமல் அடக்கிய அந்த மெல்லிய உரசல்களைக் கேளுங்கள். எவ்வளவு நளினமான கை! பாடுகிற யமாஷிதாவேதான் வாசிக்கிறார். பிறகு ஜுன் அவோயாமாவின் டிரம்ஸ் வந்து விழுகிறது. ஊதுகருவிகள் பளீரென்று எழுகின்றன. கடல்மேல் காலை வெயில் சிதறிவிடுகிறது.

இந்தப் பாட்டும் இத்தனை வெயிலும் அடங்கிய 'ஃபார் யூ' இசைத்தொகுப்பு வெளிவந்தது 1982 ஜனவரியில். ஜப்பானில் நடுக்குளிர்காலம்! குளிர்காலத்தின் கையில் கோடையைக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, அதில் வியர்வையும் புழுக்கமும் இல்லை. நினைவு சலித்தெடுத்த வெளிச்சம் மட்டும் இருக்கிறது.

ஜவ்வாது மலையில் வாழும் எனக்கு இது நன்றாகப் புரிகிறது. மே மாதத்திலும் ஜமுனாமரத்தூரில் மாலையானால் காற்று குளிர்ந்துவிடும்; பலா பழுத்து மணக்கும். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இந்தப் பாட்டைக் கேட்டால், வேலை பார்த்த காலத்துச் சென்னைக் கோடைக்கு மனம் ஏங்குகிறது. பகலெல்லாம் வெந்த பெசன்ட் நகர்த் தெருவில் திடீரென்று கடற்காற்று நுழையுமே, மொட்டைமாடித் துணிகள் எல்லாம் ஒருபக்கமாகச் சாயுமே, அந்த நொடிக்கு. தோக்கியோவைக் காணாத எனக்கு அந்த நகரத்துப் பாட்டு என் நகரத்தைத் திருப்பித் தருகிறது.

'சிட்டி பாப்' என்று இன்று உலகம் கொண்டாடும் இந்த இசை, கேசட்டோடும் கார் ஸ்டீரியோவோடும் வளர்ந்தது. சோனி வாக்மேன் வந்தது 1979இல். மறு ஆண்டு யமாஷிதாவின் 'ரைட் ஆன் டைம்' மேக்செல் கேசட் விளம்பரத்தில் ஒலித்து வீடுதோறும் நுழைந்தது. பாட்டு வீட்டை விட்டு வெளியே நடக்கத் தொடங்கிய காலம் அது.

குரலை மறக்கக் கூடாது. 1980இல் 'ஆன் தி ஸ்ட்ரீட் கார்னர்' தொகுப்பில் தன் ஒரே குரலை அடுக்கடுக்காகப் பதிவு செய்து ஒரு கோஷ்டியையே உண்டாக்கிக் காட்டியவர் யமாஷிதா. 'ஸ்பார்க்கிள்' பாட்டிலோ, அதை எழுதிய மினாகோ யோஷிதாவின் குரல் பின்னணியில் பட்டு ஜரிகையாய் மின்னுகிறது. முதல் தடவை கேட்கும்போது அது காதில் விழாமல் போகலாம். விழுந்துவிட்டால் பிறகு அதைத்தான் தேடுவோம்.

இந்தக் கோடைக்குக் கண்ணுக்கினிய உருவம் கொடுத்தவர் ஓவியர் ஹிரோஷி நாகாய். பாடகர் எய்ச்சி ஓடாகியின் 'அ லாங் வெக்கேஷன்' (1981) தொகுப்பின் உறையைப் பாருங்கள். தெளிந்த நீல நீச்சல்குளம், நெடிய மரங்கள், ஓர் ஆளும் இல்லை. நம்மையே அந்த இடத்தில் உட்கார வைப்பதற்காகக் காலியாக விட்டதுபோல் அத்தனை கனிவான வெறுமை.

நமக்கும் இது தூரத்து இசை அல்ல. 1980இல் வந்த 'மூடுபனி' படத்தில் யேசுதாஸ் கிதாரோடு பாடும் நிலவுப் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இளையராஜா அங்கே நிலவுக்குச் செய்ததை யமாஷிதா வெயிலுக்குச் செய்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து, நல்ல ஹெட்ஃபோனில், 'ஸ்பார்க்கிள்' பாட்டில் கோகி இட்டோவின் பேஸ் கிதார் மீது கவனம் வைத்து ஒருமுறை கேளுங்கள்.