ஸ்மாஷுக்கு முன்னால் நடப்பது

இரட்டையர் பாட்மிண்டனில் கைத்தட்டல் பெரும்பாலும் பின்களத்தில் நிற்பவருக்குத்தான். அவர் எகிறி அடிக்கும் ஸ்மாஷ் தரையைத் தொட்டதும் அரங்கமே அதிரும். அந்த அடிக்கு வாகாக எதிரணியை ஷட்டிலைத் தூக்கிப் போட வைத்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. இந்தோனேசியாவின் ஹெண்ட்ரா செத்தியவான் காலமெல்லாம் செய்தது அந்த வேலையைத்தான். 2025 ஜனவரியில் ஜகார்த்தாவின் இஸ்தோரா அரங்கில் விடைபெற்றபோது அவருக்கு வயது 40. கையிருப்பு: ஓர் ஒலிம்பிக் தங்கம், நான்கு உலகப் பட்டங்கள், இரண்டு ஆல் இங்கிலாந்து பட்டங்கள், இரண்டு ஆசிய விளையாட்டுத் தங்கங்கள்.

இவற்றை அவர் ஒரே கூட்டாளியோடு வெல்லவில்லை. 2007 கோலாலம்பூர் உலகப் பட்டமும் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கமும் மார்கிஸ் கிடோவுடன் வந்தவை. பெய்ஜிங் இறுதியில் சொந்த மண்ணில் ஆடிய சாய் யுன் – ஃபூ ஹைஃபெங் ஜோடியிடம் முதல் கேமை 12-21 என இழந்தும், அடுத்த இரண்டையும் 21-11, 21-16 எனப் பறித்தார்கள். பிறகு முகமது அசானுடன் 2013, 2015, 2019 உலகப் பட்டங்கள். கடைசிப் பட்டத்தை பாசல் நகரில் வென்ற நாள் ஹெண்ட்ராவின் 35-வது பிறந்தநாள்.

அவருடைய ஆட்டக் காணொளி எதையாவது நிதானமாக ஓட்டிப் பாருங்கள். எதிரணி முழு வேகத்தில் ஸ்மாஷ் அடிக்கும். ஹெண்ட்ரா ராக்கெட்டை வீசவே மாட்டார். பிடியைத் தளர்த்தி, வேகத்தை வாங்கிக்கொண்டு, ஷட்டிலை வலையை ஒட்டி அந்தப் பக்கம் விழவைப்பார். ஓடிவந்து குனிந்து எடுப்பவருக்குத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. அதற்குள் ஹெண்ட்ரா வலைக்கு வந்திருப்பார். பின்னால் அசான் எகிறத் தயாராக இருப்பார். சர்வ் போட்ட பின் ஆடும் மூன்றாவது அடியும் அப்படியே. எதிரணியின் முன்னவருக்கும் பின்னவருக்கும் நடுவே, 'நீ எடு, நான் எடு' என்று இருவரும் தயங்கும் இடத்தில் மெல்லத் தள்ளிவிடுவார்.

2019 ஆல் இங்கிலாந்து இறுதி இதற்கு நல்ல சான்று. அரையிறுதியில் கெண்டைக்காலில் அடிபட்டு, சரியாக ஓட முடியாத நிலையில் இறங்கினார். மலேசியாவின் ஆரோன் சியா – சோ வூய் யிக் ஜோடி முதல் கேமை 21-11 என அள்ளியது. அடுத்த இரண்டையும் 21-14, 21-12 என அசானும் ஹெண்ட்ராவும் எடுத்தார்கள். கால் ஒத்துழைக்காதபோது, ஷட்டில் வரும் இடத்தை முன்கூட்டியே கணித்த மூளையும் கையும் ஈடுகொடுத்தன.

எந்தக் கூட்டாளியும் அவருக்குப் பொருந்திவிடுவார் என்பதல்ல. 2016 ரியோ ஒலிம்பிக்கில் குழுச் சுற்றிலேயே வெளியேறிய பின் அசானைப் பிரிந்து, மலேசியாவின் டான் பூன் ஹியோங்குடன் சேர்ந்தார். 2013-இல் நடந்த ராக்கெட் சோதனையில் மணிக்கு 493 கி.மீ. வேகத்தில் ஸ்மாஷ் அடித்துச் சாதனை படைத்தவர் டான். அவ்வளவு வேகம் பக்கத்தில் இருந்தும் பெரிய பட்டம் எதுவும் கைகூடவில்லை. 2018-இல் அசானிடம் திரும்பினார்; அடுத்த ஆண்டே உலகப் பட்டம் வந்தது. இருவருக்குள் புரிதல் இல்லாவிட்டால் வேகமும் வீண், நுட்பமும் வீண்.

இந்திய ரசிகர்களுக்கு 2022 ஜனவரியில் டெல்லியில் நடந்த இந்திய ஓபன் இறுதி மறந்திருக்காது. இந்தியாவின் சாத்விக் – சிராக் ஜோடி ஹெண்ட்ரா – அசான் ஜோடியை 21-16, 26-24 என வென்றது. தங்களைவிடப் பல வயது இளையவர்களை 37 வயது ஹெண்ட்ராவும் அசானும் இரண்டாவது கேமில் அவ்வளவு தூரம் இழுத்தார்கள்.

அடுத்த ஆண்டு சாத்விக் 565 கி.மீ. ஸ்மாஷால் டானின் சாதனையை முறியடித்தார். நமக்குப் பெருமைதான். ஆனால் இங்கே இரட்டையர் ஆட வரும் பிள்ளைகள் அந்த எண்ணை மட்டும் துரத்தக் கூடாது. ஸ்மாஷுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது பயிற்சியாளர்கள் வலையோர ஆட்டத்துக்கு ஒதுக்க வேண்டும். தோள் வலு வயதோடு குறையும். கைப்பக்குவம் அவ்வளவு சீக்கிரம் போகாது. 35 வயதில் உலகப் பட்டம் வென்றவரின் ஆட்டத்தைவிட இதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.