நாலேகால் அங்குலக் குழி

பழைய செங்கல்பட்டு ஜில்லாக்காரர்களிடம் ‘குழி’ என்றால் நிலக் கணக்குதான் ஞாபகம் வரும். நூறு குழி ஒரு காணி. குன்றத்தூர் தாண்டி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை பல காணிகள் கார் கம்பெனியாகவும் கன்டெய்னர் யார்டாகவும் மாறின பிறகு, வேறொரு குழியைத் தேடுகிறவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஞாயிறு விடிகாலையில் டிக்கியில் நீளப் பையைப் போட்டுக்கொண்டு கிளம்பும் கொரிய, ஜப்பானிய அதிகாரிகளை நீங்களும் பார்த்திருக்கலாம். கோல்ஃப்!

இந்தக் குழியின் அகலம் நாலேகால் அங்குலம். 1891ல் செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் முடிவு செய்த அளவு. இன்றுவரை மாறவில்லை. குழி எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதல் அடியிலிருந்து அந்தக் குழி வரைக்குமான பாதைதான் வேறு. அந்த மொத்தப் பாதைக்கும் பெயர் ‘ஹோல்’. அப்படி ஒரே ஒரு ஹோலுக்காக விமானம் ஏறுகிற பைத்தியங்கள் உண்டு. அவர்களுக்காக வழவழ பத்திரிகைகள் பட்டியல் போடுகின்றன. என் புகார் அந்தப் பட்டியல்கள் மேல்தான். பாறை, கடல், அஸ்தமன சூரியன். எல்லாம் காலண்டர் படம். பெயரை மறைத்துவிட்டால் எந்த ஊரென்றே சொல்ல முடியாது.

ஃப்ளோரிடாவின் ஸாக்ராஸ் பதினேழாவது ஹோலை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் 137 கஜம், ஆனால் குழி இருப்பது தண்ணீருக்கு நடுவே. மைதானத்தின் மற்ற இடங்களுக்காக பீட் டை மணலைத் தோண்டித் தோண்டி எடுக்க, கடைசியில் மிஞ்சியது பள்ளம். ‘தீவாக்கிவிடுங்களேன்’ என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி ஆலிஸ். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் குன்றத்தூருக்குப் பக்கத்தில் சிக்கராயபுரத்திலும் கைவிட்ட கல்குவாரிப் பள்ளங்கள் இருக்கின்றன. 2017லும் 2019லும் சென்னைக்கே குடிதண்ணீர் கொடுத்தன. பள்ளத்துக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை.

என் பட்டியலில் முதலிடம் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸின் பதினேழாவது, ‘ரோடு ஹோல்’. முதல் பந்தையே ஓர் ஓட்டல் கட்டடத்தின் மூலைக்கு மேலே அடிக்க வேண்டும். குழிக்குப் பின்னால் நிஜமான ரோடு. பந்து ரோட்டில் விழுந்தால் ரோட்டிலிருந்தே அடி, சலுகை கிடையாது. 1984 பிரிட்டிஷ் ஓப்பனில் ஆறாவது பட்டத்துக்கு ஆடிய டாம் வாட்சனின் பந்து அந்த ரோட்டையும் தாண்டி மதிலோரம் போய் நின்றது. பட்டம் போச்சு. ஊரே எதிராளியாக நின்று ஆடுகிறது. அதுதான் அழகு.

இந்த விதிப்படி நம் பக்கத்திலும் இடம் உண்டு. ராயல் கொழும்பு மைதானத்துக்குள் களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது. ரயில் வந்தால் மட்டையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். 1895ல் தொடங்கிய கொடைக்கானல் கிளப்பில் புல் மேய வருவது காட்டெருமை. அதனிடம் யார் விதி பேசுவது?

சரி, சென்னை? கிண்டி ரேஸ் கோர்ஸின் ஓட்டப்பாதைக்கு உள்ளே பல்லாண்டுகளாக ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. ரேஸ் கிளப்புக்கு 1945லிருந்து 99 வருஷக் குத்தகை. 160 ஏக்கருக்கு வருஷ வாடகை சுமார் 614 ரூபாய். வகுத்துப் பாருங்கள், ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட வரவில்லை. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. பிறகு மழை வெள்ளத்தைத் தேக்க அங்கே குளம் வெட்டினார்கள். குழி போய்க் குளம் வந்தது!

கோல்ஃப் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலி மேல்தான். ரோடு ஹோல் இருக்கும் அந்தப் புகழ்பெற்ற மைதானம் ஊர்ப் பொதுநிலம். பெரிய போட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்துக்கு விடுமுறை. ஊர்க்காரர்கள் குழந்தையோடும் நாயோடும் அதே புல்லில் நடக்கிறார்கள்.

ஆகவே இனி யாராவது ‘பார்த்தே தீரவேண்டிய பதினெட்டு ஹோல்கள்’ என்று பட்டியல் நீட்டினால், கஜம் எத்தனை, கட்டணம் எத்தனை என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே யார் யார் நடக்கலாம் என்று மட்டும் கேளுங்கள்.