கிளைக்காத கதை: படுகளமும் ‘வெண்பா’ விளையாட்டும்

ஊடாட்டக் கதை எழுதப் பயில்வோர் முதலில் கற்பது கிளைத்தலை. ஒரு நிகழ்ச்சி, அதன் இறுதியில் இரண்டு தெரிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர்ச்சி. 2009இல் கிறிஸ் கிளிமாஸ் உருவாக்கிய ‘ட்வைன்’ என்னும் கட்டற்ற மென்பொருள் இதை எளிதாக்கியது. நிரலாக்கம் அறியாதவரும் அதில் தமிழிலேயே எழுத இயலும். ஆயின், பத்துப் படிகள் இவ்வாறு இரண்டிரண்டாகப் பிரிந்தால் 1024 முடிவுகளை எழுத வேண்டும். எவரும் எழுதுவதில்லை. பிரிந்தவற்றைச் சில படிகளிலேயே ஒரு தண்டில் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றனர். தெரிவு பெயரளவில் எஞ்சுகிறது.

முடிவை மாற்றும் உரிமையே பங்கேற்பு என்னும் எண்ணம் இச்சிக்கலின் வேராகும். எஸ்பன் ஆர்செத் தம் ‘சைபர்டெக்ஸ்ட்’ (1997) நூலில் வேறோர் அளவுகோலை முன்வைத்தார். வாசகர் கண்ணால் வரிகளைத் தொடர்வதற்கு அப்பால் உழைத்தே கடக்கவேண்டிய பனுவல்களை அவர் தனி வகையாகப் பிரித்தார். உழைப்பை அளவுகோலாகக் கொண்டால் தமிழ்நிலத்தின் பழைய நிகழ்த்து மரபொன்று இவ்விவாதத்திற்குள் வந்துவிடுகிறது.

பொதட்டூர்பேட்டை போன்ற நெசவாளர் ஊர்களைக் கொண்ட திருத்தணி வட்டாரம் உள்ளிட்ட வடதமிழகத்தில், திரௌபதியம்மன் விழா பாரதச் சொற்பொழிவும் தெருக்கூத்துமாகப் பல நாள் நிகழ்கிறது. அர்ச்சுனன் தபசில் கூத்தர் உயர்ந்த தபசு மரத்தில் ஏறிப் பூவும் எலுமிச்சையும் திருநீறும் வீசுகிறார். குழந்தை வரம் வேண்டுவோர் கீழே மடியேந்தி நிற்கின்றனர். படுகளத்தன்று மண்ணால் சமைத்த பெரிய துரியோதனன் உருவம் தரையில் கிடக்கிறது. அதைச் சுற்றி வீமன் வேடமும் துரியோதனன் வேடமும் போரிடுகின்றன, தொடை பிளக்கப்படுகிறது, திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். மாலையில் காப்புக் கட்டியோர் தீமிதிக்கின்றனர். துரியோதனன் வீழ்வான் என்பதை அறியாதவர் அக்களத்தில் ஒருவருமில்லை. கதையின் போக்கில் எவருக்கும் தெரிவில்லை. விரதமும் மடியும் பாதமும் கதைக்குள் இருக்கின்றன. செஞ்சி வட்டாரத்தை மையமாகக் கொண்டு இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்தவர் ஆல்ஃப் ஹில்ட்பைடல். எனினும் ஊடாட்டக் கதையியல் பேசுவோர் இவ்விழாவைச் சடங்கு என்று நாட்டார் வழக்காற்றியலுக்கு ஒதுக்கிவிடுவது வழக்கம்.

டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, அறிந்தோ அறியாமலோ இம்முறைக்கு நெருக்கமானது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின் ஆகியோரின் கதை இது. தாய் தந்த சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்திருக்கின்றன. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக்கு எது முன் எது பின் என்பவற்றை ஆடுபவர் உய்த்துணர்ந்து செய்கிறார். பிழைத்தால் மீண்டும் செய்யலாம், தண்டனையில்லை. இடையிடையே வரும் உரையாடல் தெரிவுகள் குடும்பத்தின் போக்கைத் திருப்புவதில்லை. இதைக் குறையெனக் கூற இடமுண்டு. உண்மையில் படைப்பின் மெலிந்த பகுதி அத்தெரிவுகளே. அவற்றை நீக்கினாலும் கதை நலியாது. அடுப்படி வேலையை நீக்கினால் எஞ்சுவது புலம்பெயர்வு பற்றிய பழகிய குடும்பக் கதை மட்டுமே. அக்குறிப்பேடு பிற்பகுதியில் தமிழில் தடுமாறும் கவினின் கைக்கு வருகிறது. ஆடுபவர் இப்போது கவினாகச் சமைக்கிறார். தாய்க்கும் மகனுக்கும் இடையிலான மொழி இடைவெளியை உரையாடலைவிட இந்த இடமாற்றமே வலுவாக உணர்த்துகிறது. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரே சரியான வழி என வகுத்தது மட்டும் உறுத்துகிறது. கைப்பக்குவம் என்பதற்கு அங்கு இடமில்லை.

சொற்களால் மட்டும் இயங்கும் கதைகளில் இவ்விடத்தைத் தருவது முன்னிலை வினை. ஆங்கிலத்தில் ஒரே முன்னிலைப் பெயர் எவருக்கும் பொருந்தும். தமிழில் ‘கதவைத் திறக்கிறாய்’ என எழுதுவதா, ‘திறக்கிறீர்கள்’ என எழுதுவதா என்பது முதல் வரியிலேயே எழும் வினா. இவ்வினைகள் பால் காட்டுவதில்லை என்பது எழுதுபவருக்கு வசதி. மதிப்புக் காட்டியே தீரும் என்பது கட்டாயம். ‘திறக்கிறாய்’ என்றதும் கதைசொல்லி தோழராகவோ மூத்தவராகவோ தெய்வமாகவோ ஆகிவிடுகிறார். ‘திறக்கிறீர்கள்’ என்றால் வாசகர் விருந்தினராகச் சற்றுத் தள்ளி நிற்கிறார். கிளைப்படம் வரைவதற்கு முன்பே தமிழில் எழுதுபவர் இதற்கு விடை காண வேண்டியுள்ளது.