சொல் நின்ற இடம்

நெட்வொர்க் பழுது பார்ப்பவர்களில் ஒரு ரகத்தார் மீது எனக்குத் தனி மரியாதை. வந்ததும் ரவுட்டரை அணைத்துப் போட மாட்டார்கள். லேப்டாப்பைச் செருகி, எதையும் மாற்றாமல், வெகுநேரம் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். திண்டுக்கல் சமவெளியில் இவர்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. நகரத்தில் தலைமை அலுவலகம், வேடசந்தூரில் நூற்பாலை, ஒட்டன்சத்திரத்தில் கிடங்கு என்று பரந்து கிடக்கும் நிறுவனங்கள் இங்கே பல. இப்படிப்பட்ட இடங்களில் ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ள வழக்கமாகத் தேர்ந்தெடுப்பது ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறையை.

அதன் அடியில் ஓடும் கணக்கைக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1956-இல் ஆம்ஸ்டர்டாம் காபிக் கடை ஒன்றில், காகிதமும் பென்சிலும் இல்லாமல் மனத்திலேயே போட்டார். ரோட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குக் குறுகிய வழி எது என்பதே கேள்வி. ஓஎஸ்பிஎஃப்பின் முதல் ஆவணத்தை ஜான் மோய் 1989-இல் எழுதினார். இன்று புழங்கும் இரண்டாம் பதிப்புக்கு ஆதாரம் 1998 ஏப்ரலில் அவரே எழுதிய ஆர்எஃப்சி 2328.

இந்த நெறிமுறையின் அழகும் வம்பும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நெட்வொர்க்கை ஏரியாக்களாகப் பிரிக்கிறோம். ஒரு ஏரியாவுக்குள் எல்லா ரவுட்டர்களிடமும் ஒரே முழு வரைபடம் இருக்கும். ஏரியாவைத் தாண்டினால் வரைபடம் போகாது. ‘இந்த முகவரிக்கு என் வழியாகப் போகலாம், இவ்வளவு செலவு’ என்ற சொல் மட்டுமே போகும். அந்தச் சொல்லைச் சுமப்பவை எல்லை ரவுட்டர்கள். கேள்விப்பட்ட சொல் சுற்றிச் சுற்றி வந்து தன்னையே ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக, ஏரியாவிலிருந்து ஏரியாவுக்குப் போகும் எந்தச் செய்தியும் நடுவிலுள்ள ஏரியா 0-ஐத் தொட்டே போகவேண்டும் என்று விதி. பழனியில் ரயில் ஏறுபவர் மதுரைக்கோ திருச்சிக்கோ போகத் திண்டுக்கல் சந்திப்பைத் தொடுவது போலத்தான்.

இந்த விதி மீறப்பட்ட நூற்பாலை ஒன்றில் ஒரு கைதேர்ந்தவர் வேலை செய்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். திண்டுக்கல் அலுவலகம் ஏரியா 0. வேடசந்தூர் ஆலை ஏரியா 1. பிறகு குஜிலியம்பாறையில் புது யூனிட் வந்தது. வேடசந்தூரிலிருந்தே லைன் இழுத்து அதை ஏரியா 2 ஆக்கிவிட்டார்கள். வேடசந்தூரிலிருந்து இரு பக்கமும் பிங் போகிறது. நெய்பர் எல்லாம் ‘ஃபுல்’ என்று காட்டுகிறது. ஆனால் திண்டுக்கல்லுக்குக் குஜிலியம்பாறை என்று ஓர் இடம் இருப்பதே தெரியவில்லை.

“அண்ணே, லைன் நல்லா இருக்கு. அங்கிட்டு மட்டும் போகமாட்டேங்குது. ஒருக்கா ரீஸ்டார்ட் போட்ருவமா?” என்றார் ஆலையின் கம்ப்யூட்டர் பொறுப்பாளர்.

“வேண்டாம் தம்பி. போட்டா வயசெல்லாம் அழிஞ்சுரும்.”

அவர் சொன்ன வயது அறிவிப்புகளின் வயது. ஓஎஸ்பிஎஃப் தரவுத்தளத்தில் ஒவ்வோர் அறிவிப்புக்கும் நொடிக்கணக்கில் வயதும் வரிசை எண்ணும் உண்டு. ஊரில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் 1800 நொடிக்கு ஒருமுறை, எழுதிய ரவுட்டரே அதைப் புதுப்பிக்கும். 3600-ஐத் தொட்டால் அது செல்லாது. ஓர் அறிவிப்பின் வயது சில நொடிகளைத் தாண்டாமலே வரிசை எண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், எங்கோ ஒரு லைன் விழுந்து விழுந்து எழுகிறது, அல்லது ஒரே ஏரியாவில் இரண்டு ரவுட்டர்கள் ஒரே ஐடியை வைத்துக்கொண்டு மோதுகின்றன. இத்தனை சாட்சியத்தையும் ரீஸ்டார்ட் துடைத்துவிடும்.

அவர் திண்டுக்கல் ரவுட்டரில் உட்கார்ந்து வேடசந்தூர் ரவுட்டர் தன்னைப் பற்றி எழுதியிருந்த அறிவிப்பைத் திறந்தார். எல்லை ரவுட்டர் என்றால் அதில் ‘ஏரியா பார்டர் ரவுட்டர்’ என்று ஒரு வரி இருக்கவேண்டும். இல்லை. திரையில் இல்லாத அந்த ஒரு வரிதான் முழு நோயும். சிஸ்கோ ரவுட்டர் ஏரியா 0-இல் காலூன்றாதவரை தன்னை எல்லை ரவுட்டராக ஏற்றுக்கொள்வதில்லை. இந்த நடத்தையை 2003-இல் வந்த ஆர்எஃப்சி 3509 விவரிக்கிறது. “ரெண்டு பக்கமும் இதுக்குத் தெரியும் தம்பி. ஒரு பக்கத்துச் சேதிய மறுபக்கத்துக்குச் சொல்லாது” என்றார்.

ஏரியா 1-இன் குறுக்கே திண்டுக்கல்லுக்கும் வேடசந்தூருக்கும் ஒரு விர்ச்சுவல் லிங்க் போட்டார். அந்த வரி தோன்றியது. அடுத்து குஜிலியம்பாறை முகவரிகள் ‘ஓ ஐஏ’ என்ற அடையாளத்தோடு திண்டுக்கல் டேபிளில் வந்து உட்கார்ந்தன. பலர் அத்தோடு பையை மூடியிருப்பார்கள். இவர் விர்ச்சுவல் லிங்க்கை முட்டுக்கொடுத்த கம்பாகவே கருதினார். விரல்விட்டு எண்ணக்கூடிய ரவுட்டர்களுக்கு ஏரியா 2 எதற்கு? ஆலை ஓயும் நேரம் பார்த்து அதை ஏரியா 1-உடன் சேர்த்துவிட்டு, விர்ச்சுவல் லிங்க்கைக் கழற்றினார். தேவையற்ற எல்லையை அழித்ததுதான் அந்த வேலையின் உச்சம் என்பேன்.

எல்லாப் பழுதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏரியாவை ஒரு பக்கம் ‘ஸ்டப்’ என்றும் மறுபக்கம் சாதாரணம் என்றும் எழுதினால் நெய்பர் உறவே உண்டாகாது. எம்டியு எனப்படும் பேக்கெட்டின் உச்ச அளவு பொருந்தாவிட்டால் ‘எக்ஸ்ஸ்டார்ட்’ நிலையிலேயே நின்றுவிடும். இவை முகத்திலேயே தெரியும். கடினமானது, ஃபைபர் அறுந்து ஒரே ஏரியா இரண்டு துண்டாகும்போது வருவது. இரு முனையிலும் உள்ள எல்லை ரவுட்டர்கள் முகவரிகளைச் சுருக்கி ஒரே தொகுப்பாக அறிவிக்கும்படி அமைத்திருந்தால், இரண்டும் ‘எல்லாம் என்னிடம் இருக்கிறது’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். தவறான துண்டுக்குப் போன பேக்கெட் அங்கேயே மறையும். சில கணினிகள் கிடைக்கும், சில கிடைக்காது. டேபிளை மட்டும் பார்ப்பவருக்கு எதிலும் குறை தெரியாது. யார் சொன்னது, எதை நம்பிச் சொன்னது என்று இரு எல்லையிலும் தரவுத்தளத்தை வாசிப்பவருக்கே பிடிபடும்.

இந்த வாசிப்பின் தேவை ஆலைகளோடு நிற்கப்போவதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 14 ஒன்றியங்கள், 306 ஊராட்சிகள். பாரத்நெட் திட்டத்தில் தமிழக அரசு நிறுவனமான டான்ஃபிநெட் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுசெல்லும் பொறுப்பை ஏற்றிருக்கிறது. கேபிள் இழுக்க ஆள் கிடைப்பார்கள். வாசிக்கத் தெரிந்தவர்களை நாம்தான் உருவாக்கவேண்டும்.

ஆகவே இந்த வட்டாரத்துப் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எஃப்ஆர்ஆர் என்ற ரவுட்டர் மென்பொருள் இலவசம். சாதாரண லினக்ஸ் லேப்டாப்பில் மூன்று ஏரியாக்கள் ஓடும். எல்லை ரவுட்டர் விஷயத்தில் அது இயல்பாகவே சிஸ்கோ வழக்கத்தைப் பின்பற்றுவதால், மேலே சொன்ன பழுதை அப்படியே உண்டாக்கிக் காட்டலாம். நன்றாக ஓடும் நெட்வொர்க்கைக் கட்டச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். ஓரிடத்தில் நீங்களே உடைத்துவைத்து, ரீஸ்டார்ட் செய்யாமல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதற்கும் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் வையுங்கள்.